மிதக்கும் நகரங்களும் ஒரு வீட்டு விண்ணப்பமும்

தகரக் கொட்டில்களில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களை மகிழ்விப்பதற்காக நான் இதை எழுதவில்லை. கலியாண வீடுகளில் நாம் சந்திக்கும்போதெல்லாம் உங்களில் ஒருவர், "அந்த மிதக்கும் நகரம் நாடகம் ஞாபகம் இருக்கா?" என்று தொடங்குகிறீர்கள், மற்றவர்கள் தொடையில் தட்டிச் சிரிக்கிறீர்கள். நானும் இத்தனை காலம் சிரிப்பதுபோல் வாயைத் திறந்து வைத்திருந்தேன். நாற்பதைத் தொடு முன்பே தலை நரைத்துவிட்ட தலைமுறை நம்முடையது. பொய்ச் சிரிப்புக்கு ஒதுக்குவதற்கு நம்மிடம் இனிக் காலம் இல்லை.

சுனாமி அலை வந்த மார்கழியில் இளையவளான எனக்கு வயது பதின்மூன்று, அக்காவுக்குப் பதினைந்து. கல்லடிக் கடற்கரையில் எங்கள் வீடு அம்மாவுடையது. அம்மாவுக்கு அதைக் கொடுத்தவர் அவருடைய தாயார். அவருக்குக் கொடுத்தவர் அவருடைய தாயார். நம் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும் என்பதும், ஆண் அதற்குள் வந்து குடியிருப்பவன் என்பதும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. அப்பா எவ்வளவு கோபங்கொண்டாலும் "என் வீடு" என்று சொன்னதில்லை. "உங்கட அம்மாட வீட்டில செருப்போட நடக்காதீங்க" என்றுதான் எங்களை அதட்டுவார். அம்மாவுக்குப் பின் அது அக்காவுக்கு. மாமா, அதாவது அம்மாவின் தமையன், அக்கா பெரிய பிள்ளையான நாளிலேயே சபையில் அதைச் சொல்லியிருந்தார்.

அலை அம்மாவையும் கொண்டுபோயிற்று, வீட்டையும் கொண்டுபோயிற்று. எஞ்சியது சீமெந்துத் தரையும் கிணற்றுக் கட்டும். கிணற்றுக்குள் உப்புத்தண்ணீரும் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்றும் கிடந்தன. கடலோரத்தில் இனி வீடு கட்டக்கூடாது, உள்ளே தள்ளிக் காணி தந்து கல்வீடு கட்டித் தருவோம் என்றார்கள். அதுவரை நாம் இருந்த தகரக் கொட்டில் முகாமை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நண்பகலில் கூரைத் தகரம் டிக் டிக்கென்று வெடிக்கும். மழை பெய்தால் பக்கத்துக் கொட்டிலில் அழும் குழந்தையின் குரல்கூடக் கேட்காது. நடுவில் நின்ற வேப்பமரத்தில் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கும்படி அது நம்மை நாள்தோறும் அதட்டும்.

ஒன்பது மாதம் கழித்து அப்பா ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அவள் படுவான்கரைக்காரி. நாம் ஆறு என்று சொல்லும் வாவிக்கு மேற்கே, துவக்கு ஏந்தியவர்களின் ஆட்சியில் இருந்த ஊரொன்றிலிருந்து, கணவனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். கையால் சுற்றும் தையல் மெசின் ஒன்றைப் பழைய சேலையில் சுற்றி இடுப்பில் அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நான் உங்களுக்கு அம்மா இல்ல, தெரியும். சட்டை கிழிஞ்சாத் தாங்க, தைச்சுத் தாறன்" என்றாள். அக்கா அன்று மாலையே தன் சட்டைகள் அனைத்தையும் தானே தைக்கத் தொடங்கினாள். வந்தவளைச் சின்னம்மா என்று நாங்கள் ஒருநாளும் அழைத்ததில்லை. தையல்காரி என்றே சொன்னோம். அதுவும் அவள் காதில் விழும்படி.

இந்நிலையில் மாமா ஒருநாள் முகாம் காரியாலயத்திலிருந்து முகம் சிவந்து வந்தார்.

"புள்ள, உன்ட வீடு போச்சு" என்றார் அக்காவிடம். "என்ட கண்ணால பார்த்தனான். குடும்பத் தலைவர் எண்ட இடத்தில உங்கட அப்பாட பேர். மனைவி எண்ட இடத்தில அவள்ட பேர். நீங்க ரெண்டு பேரும் கீழ, பிள்ளைகள் எண்டு கிடக்கிறீங்க."

"அப்ப வீடு ஆருக்கு மாமா?"

"ஆருக்கா? நாளைக்கு உங்கட அப்பா கண்ண மூடினா அவளுக்கு. அவளுக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கு. அங்கால இருந்து வந்து இஞ்ச வீடு பிடிக்கிறாள், பார்த்தியா?"

அப்பாவிடம் அக்கா கேட்டாள். "வீடு உனக்குத்தான் புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் பீடி பற்றவைத்தார். அப்பா நீளமாகப் பேசத் தெரியாதவர். அந்தச் சிக்கனம் எங்களுக்குப் பொய்யாகப் பட்டது.

அடுத்த ஆண்டு, சோளகக் காற்று வீசும் காலத்தில்தான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர் ஒருவர் சனிக்கிழமைகளில் நம்மிடம் வரத் தொடங்கினார். நாம் வளாகத்து அண்ணன் என்று அழைத்தவர். ஒலிப்பதிவு செய்யும் கறுப்பு ரேப் ரெக்கோடர் ஒன்றும் கசெற்றுகள் சிலவும் அவரிடம் இருந்தன. கடலைப் பற்றிப் பிள்ளைகள் பேசினால் உள்ளத்துப் பயம் தீரும் என்று அவருக்கு யாரோ படிப்பித்திருந்தார்கள். நம்மை வட்டமாக இருத்தி, "கடலப் பத்தி ஒரு கதை சொல்லுங்க பாப்பம்" என்றார். நாம் குனிந்து மண்ணில் கோடு கிழித்தோம்.

அக்கா மட்டும், "கடலப் பத்திச் சொல்லேலா. கடலுக்கு மேல இருக்கிறதப் பத்திச் சொல்லட்டா?" என்றாள்.

அப்படிப் பிறந்ததுதான் நம் நாடகம். இன்னும் முந்நூறு ஆண்டுகள் கழிந்த காலம். தரையில் மனிதர் எவரும் இல்லை. மீனின் வயிற்றில் இருக்கும் காற்றுப் பையைப்போன்ற பெரும் பைகளில் தொங்கி, அலை எட்டாத உயரத்தில் ஏழு நகரங்கள் மிதக்கின்றன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவை ஒன்றோடொன்று கயிறு பிணைத்துச் சந்தை கூடும். கிழக்கே மிதப்பதன் பெயர், நம் எழுவான்கரையின் பெயரிலேயே, எழுவான் நகரம். மேற்கே மிதப்பது படுவான் நகரம். எழுவான் நகரத்து வீடுகளுக்குப் பூட்டுக் கிடையாது. கதவுகள் தாயின் குரலுக்கு மட்டுமே திறக்கும். தாய் இறந்தால் மூத்த மகளின் குரலுக்கு.

வளாகத்து அண்ணன் அக்காவை வியந்து பார்த்தார். "எங்க இருந்து வருது உனக்கு இதெல்லாம்?" என்று கேட்டார். அது எங்கிருந்து வருகிறது என்பதை அவர் உண்மையாகவே ஆராய்ந்திருந்தால் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு அன்றே பஸ் ஏறியிருப்பார்.

நீங்கள் அனைவரும் நடித்தீர்கள். அக்கா எழுதினாள், தாயின் குரலும் அவளே. எனக்கு ஒலிகள் ஒப்படைக்கப்பட்டன. நகரங்களின் காற்றுக்கு நிவாரணத்துக்குத் தந்த தறப்பாள் விரிப்பை மடித்துத் தேய்த்தேன். கயிறு இழுபடும் ஓசைக்கு வாளிக் கைப்பிடியை முறுக்கினேன். சந்தை கூடும்போது ஊதும் சங்குக்குச் சோடாப் போத்தலின் வாய் போதுமாயிருந்தது. பழைய பக்திப் பாட்டுக் கசெற்றின் மேல் பதிந்தபடியால், காட்சிக்கும் காட்சிக்கும் இடையே நாதஸ்வரத் துண்டொன்று தலைகாட்டி மறையும். சனிக்கிழமை நாலு மணிக்கு வேப்பமரத்து ஒலிபெருக்கி முதன்முறையாக நம்மை அதட்டாமல் நமக்குக் கதை சொன்னது. பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்து குந்தியிருந்தார்கள். முதல் இரண்டு பாகங்களும் கதையாகவே இருந்தன என்பதை நான் இங்கே பதிய விரும்புகிறேன். அவற்றில் நஞ்சு இல்லை.

மூன்றாம் பாகத்தில் குரல்திருடி வந்தாள். படுவான் நகரத்திலிருந்து சிறு வான்தோணி ஒன்றில் வருபவள். இறந்த தாய்மாரின் குரலைப் பழகிவந்து, எழுவான் நகரத்துக் கதவுகளைத் திறப்பித்து, வீடுகளைக் கைப்பற்றுபவள்.

"அவள்ட தோணிக்கு ஒரு சத்தம் வேணும்" என்றாள் அக்கா என்னிடம்.

"சைக்கிள் சில்லச் சுத்தட்டா?"

"வேணாம்." அக்கா எங்கள் கொட்டிலை நோக்கினாள். உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது. "அத எடு."

அந்த மெசினின் ஓசையை முகாமில் அறியாதவர் இல்லை. சில்லில் ஏதோ பல் தேய்ந்திருந்தபடியால் நான்கு சுற்றுக்கு ஒருமுறை ஒரு விக்கல் விக்கும். கொட்டிலின் பின்புறம், சுவர்த் தகரத்தோடு ரெக்கோடரை அணைத்துக்கொண்டு, நான் அதைப் பதிவு செய்தேன். தகரம் என் கன்னத்தைச் சுட்டது. உள்ளே அவள் யாருடைய பிள்ளைக்கோ பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அந்த விக்கல் ஒலிபெருக்கியில் ஊரளவு பெருகி வந்தபோது எல்லாரும் எங்கள் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒரு பெண், "அட, இது நம்மட தையல்காரிட மெசினெல்லுவா!" என்றாள். எழுந்த சிரிப்பில் காகங்கள் வேப்பமரத்தை விட்டுப் பறந்தன. குரல்திருடி, "மகள், நான்தான் அம்மா வந்திருக்கன், கதவத் திற" என்கிறாள். அக்கா படுவான்கரை இழுவையை அப்படியே பிடித்திருந்தாள். கதவு பதில் சொல்கிறது: "நீ ஆரெண்டு எனக்குத் தெரியும். ஆத்துக்கு அங்கால பசி கிடந்து, செத்தவள்ட வீட்டுக்கு வந்தவள் நீ." கைதட்டினார்கள். நீங்களும்தான்.

அதன்பின் தையல் வருவது நின்றது. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தோடு வரும்போது பெண்கள் வரிசையை நெருக்கிக்கொண்டார்கள்.

"என்னகா, தோணியிலயா வந்த?"

"கதவத் திறக்கச் சொல்லு கா, குழாய் திறக்குதோ பாப்பம்!"

அவள் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்பாள். சிறு பிள்ளைகள் அவளைக் கண்டால் நான்கு தரம் டக டகவென்று சொல்லி ஒருமுறை விக்கிக் காட்டினார்கள்.

நான்காம் பாகத்துக்கு முதல்நாள் அவள் அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"புள்ள, கதைய நீ எழுது. என்னைத் திருடி எண்டு சொல்லு, பரவாயில்ல. மெசின விட்டுரு. அது ஓடாட்டி இந்தக் கொட்டில்ல அரிசி இல்ல. உங்கட அப்பாக்குக் கிழமையில ரெண்டு நாள்தான் வேலை."

"ஆர் உன்னை மெசின் எண்டது?" என்றாள் அக்கா. "அது வான்தோணி."

"நான் வீட்டுக்காக வரல்ல புள்ள. எனக்கும் ஆத்துக்கு அங்கால அம்மாட வளவு கிடக்கு."

"அப்ப அங்க போ."

அக்காவுக்கு அப்போது பதினாறு. அச்சொற்களின் நிறை அவளுக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஆசைதான். தெரிந்திருந்தது. வாவிக்கு அப்பால் ஷெல் விழும் ஓசையில் நம் தகரங்கள் அந்நாட்களில் நடுங்கிக்கொண்டிருந்தன.

வளாகத்து அண்ணனுக்கு விடயம் விளங்கியபோது நாலாம் பாகமும் ஒலிபரப்பாகிவிட்டது. "நான் உங்கட பயத்தப் போக்க வந்தனான்" என்றார்.

"போயிற்று அண்ணன்" என்றாள் அக்கா. "இப்ப எங்களுக்குப் பயமில்ல."

ஐந்தாம் பாகத்தை அவர் ஒலிபரப்ப மறுத்தார். மாமா தானே போய் ஒலிபெருக்கிக்காரரிடம் கசெற்றைக் கொடுத்துப் போடுவித்தார். குரல்திருடியை ஏழு நகரத்தாரும் கூடிக் கயிற்றை அறுத்து வெளியேற்றும் பாகம் அது. முடிந்தவுடன், சிரிப்பும் ஆவேசமும் அடங்கு முன், மாமா ஒரு மனுவை வாசித்தார். வெளியிலிருந்து வந்து உறவு காட்டும் அப்பெண்ணை வீட்டுத் திட்டத்தில் சேர்க்கலாகாது என்பது அதன் சாரம். கொட்டில் கொட்டிலாக நான் பேனையைக் கொண்டுசென்றேன். உங்கள் தாய்தந்தையர் கையொப்பமிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களின் பெருவிரலை நானே மையில் தொட்டுவைத்தேன்.

மறு கிழமை அவள் போனாள். படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சுகளோடு இக்கரைக்கு வந்துசேரத் தொடங்கிய நாட்கள் அவை. எல்லாரும் அங்கிருந்து இங்கே வர, அவள் ஒருத்தி இங்கிருந்து அங்கே போனாள். அப்பா வீதிவரை கூடப் போய்விட்டு வந்து, கதவோரத்தில் நெடுநேரம் குந்தியிருந்தார். அக்கா சோறு போட்டுக் கொடுத்தாள். அவர் உண்ணவில்லை. வளாகத்து அண்ணனும் பின்னர் வரவில்லை. பாதை சரியில்லை என்று சொன்னார்கள்.

வீடுகள் முடிந்தன. ஒவ்வொரு குடும்பமாக நீங்கள் கொட்டிலை விட்டுச் சென்றீர்கள். எங்களுக்கு மட்டும் வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு வரவில்லை. கேட்கப் போனால் எங்கள் தாள்களைக் கட்டிய கோவை நிலுவையில் இருக்கிறது என்றார்கள். அப்பா மேசன் வேலைக்கு அரபு நாடு போனார். காலியான கொட்டில்களின் தகரங்களைக் கழற்றி ஏற்றும் லொறி வரும்போதெல்லாம், அடுத்தது எங்களுடையதோ என்று அக்கா வாசலை மறித்து நிற்பாள். அவளுக்குப் பேசி வந்த சம்பந்தம் இரண்டும், "வீடு எங்க?" என்ற கேள்வியோடு திரும்பிப் போயின.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வெடி கொளுத்திய வைகாசிக்குப் பின், பிரதேசக் காரியாலயத்துக்குப் புதிதாக ஓர் அம்மையார் வந்தார். அக்கா காய்ச்சலாய்க் கிடந்தபடியால் நான் போனேன். அம்மையார் எங்கள் கோவையைத் தேடியெடுத்துத் தூசி தட்டி மேசையில் விரித்தார்.

முதற் தாள் வீட்டு விண்ணப்பம். விண்ணப்பகாரர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். கீழே, பதினெட்டு வயது நிறையும்வரை காப்பாளர்கள் என்று இரண்டு கையொப்பங்கள்: ஒன்று அப்பாவினுடையது. மற்றது தையல்காரியினுடையது. மாமா பார்த்தது வெறும் நிவாரண அட்டை. வீட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விண்ணப்பத்தின் மேல் குத்தியிருந்தது நம் மனு. அதன் ஓரத்தில் யாரோ ஓர் அதிகாரி, "பிணக்கு. தீரும்வரை நிறுத்துக" என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார்.

"இந்தக் காப்பாளர் பெண் விலகுகிறேன் என்று ஒரு கடிதம் தந்தால் போதும், பிணக்குத் தீர்ந்துவிடும்" என்றார் அம்மையார். "உங்கள் அக்காவுக்கு இப்போது பத்தொன்பது ஆகிவிட்டதே. எழுதிக் கொடுக்கிறேன், கையொப்பம் வாங்கி வாருங்கள்."

மனிதரையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் பாதை என்ற தட்டை மிதவையில் ஏறி, இறங்கி, விசாரித்து, வெயிலேற அவளுடைய வளவை அடைந்தேன். பாதி எரிந்த தென்னைகளுக்கிடையே ஒரு களிமண் குடில். முற்றத்துப் பாயில் நெல் காய்ந்தது. அயற்பெண்கள் மூவர் அவளோடு இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். மெலிந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டும் எழுந்திருக்கவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

தாளை நீட்டினேன். வாசித்தாள்.

"இன்னும் தரல்லயா?" என்றாள்.

"இல்ல."

"என்னால எண்டு சொன்னாங்களா?"

"இல்ல. எங்களால."

அவள் தாளை மடியில் வைத்தாள். "போடுறன். ஆனா ஒண்டு செய். அந்த மூணாம் பாகம் ஞாபகம் இருக்கெல்லுவா? நாலு மணிக்கு மரத்தில கட்டிச் சொன்னது. அத இஞ்ச சொல்லு. என்ட வாசல்ல நிண்டு, என்ட முகத்தப் பார்த்துச் சொல்லு. நானும் இவங்களும் கேக்கிறம்."

"நான் சத்தம் போட்டவள் மட்டும்தான்..."

"தெரியும். தகரத்துக்குப் பின்னால உன்ட நிழல் தெரிஞ்சது. சொல்லு."

அயற்பெண்கள் என்னவென்று அறியாமல், "நாடகமா? சொல்லு புள்ள" என்று புன்னகையோடு நெருங்கி அமர்ந்தார்கள்.

நான் சொன்னேன். ஏழு நகரங்களைச் சொன்னேன், காற்றுப் பைகளைச் சொன்னேன். அதுவரை அப்பெண்கள் வியந்து கேட்டார்கள். குரல்திருடியின் பேச்சு வந்தபோது என் நா தடுமாறியது. "இழுத்துச் சொல்லு, அப்பிடித்தான் சொன்னீங்க" என்றாள். இழுத்துச் சொன்னேன். தங்கள் பேச்சைத் தாங்களே கேட்ட அப்பெண்களின் புன்னகை அவிந்தது. பிறகு கதவின் பதில். ஆற்றுக்கு அப்பால் பசி கிடந்து, செத்தவளின் வீட்டுக்கு வந்தவள் என்ற சொற்களை, நடுப்பகல் வெயிலில், நான்கு பெண்களின் முகத்துக்கு நேரே, முழுவதும் சொல்லி முடித்தேன். ஒருத்தி எழுந்து நிலத்தில் துப்பிவிட்டுப் போனாள். மற்ற இருவரும் தலையைக் குனிந்து நெல்லைக் கிளறினார்கள்.

"ஒரு சொல்லும் விடல்ல" என்றாள் தையல்காரி. பேனையை வாங்கிக் கையொப்பமிட்டாள். தாளை என்னிடம் நீட்டியபோதும் விரல்களைத் தளர்த்தவில்லை.

"இது உன்ட அக்காவுக்கு நான் போடுற கையெழுத்து இல்ல. அவள நான் மன்னிக்கல்ல, மன்னிக்கவும் மாட்டன். வீடு பொம்புளைக்கு. அதுக்காகத்தான் அண்டைக்கும் போட்டனான், இண்டைக்கும் போடுறன். விளங்கிச்சா?"

"ஓம்."

"மறுகா இந்தப் பக்கம் வராத."

தண்ணீர் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

மாலையில் அக்கா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கெதியாப் போட்டுத் தந்தாளா? என்ன சொன்னாள்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் சொல்லல்ல."

"என்னத்தச் சொல்லுற? பிடிபட்ட கள்ளி" என்றாள் அக்கா. நான் அடுப்பை ஊதினேன். விண்ணப்பத்தில் கண்டதையும் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டுக்குள் அவள் கால் வைக்க மாட்டாள் என்று பயந்தேன். மூன்று மாதத்தில் திறப்பு வந்தது. அந்த வீட்டில் அவளுக்குக் கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். கூடத்தில் வீட்டின் உறுதிப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். வருபவர்களிடம், தான் போராடிப் பெற்ற வீடு என்று சொல்கிறாள். மாமா சாகும்வரை அதையே சொன்னார்.

அக்கா இதை வாசிப்பாள். தன் வீட்டில் இருந்துகொண்டு வாசிக்கட்டும்.